உதட்டின் மேல் ஒரு விரல்

பாப்பா,

போனில் உன் நைனா பேச்சை எடுத்தாலே உனக்குச் சார்ஜ் தீர்ந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம். பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு, சோறு சாப்பிட்டு வந்து மறுபடி பிரிக்கலாம். ஹைதராபாதில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களையே அதட்டி வேலை வாங்குகிறவள், பெற்றவளின் நாலு பக்கத்துக்குப் பயந்துவிட மாட்டாய் என்று நினைக்கிறேன். இங்கே சித்தூரில் மாங்காய் சீசன். ஊரைச் சுற்றி இருக்கிற மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் எல்லாம் ஓடுகின்றன. காலையிலிருந்து காற்று முழுக்கப் பழ வாசனை. கதவைச் சாத்தினாலும் வருகிறது, பீரோவில் இருக்கிற உன் கல்யாணப் புடவையில்கூட ஏறிவிட்டது. இந்த வாசனையில் எனக்குப் பட்டப்பகலிலேயே தூக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கிறது. எழுதும்போது கொஞ்சம் அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சர்ச்சில் உனக்கு முதல் ஓலை. மூன்று ஞாயிறு, சபை முழுக்கக் கேட்க, இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் கல்யாணம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் வாசிப்பார். உனக்குத் தெரியாததா? சின்னப் பெண்ணாக இருந்தபோது, யாருக்கு ஓலை வாசித்தாலும், எவராவது எழுந்து தடை சொல்ல மாட்டார்களா என்று ஆசையாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாய். நான் தொடையில் கிள்ளுவேன். இப்போது உன் ஓலைக்கே நீ ஒரு தடை சொல்லியிருக்கிறாய். "நைனா பேரு வேணாம்மா. உன் பேரு மட்டும் படிக்கச் சொல்லு, போதும்," என்றாய். சொன்ன கையோடு உனக்குச் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் போதகரிடம் போனேன். சின்ன வயதுக்காரர், போன வருஷம்தான் நம் சபைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என்ன எழுதிக் கொடுக்கிறேனோ அதையே வாசிப்பதாகவும், சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு வந்து சேர்வதற்குள் சொல்லிவிட்டால் போதும் என்றும் சொன்னார். வாசல் வரை வந்துவிட்டு, தயங்கி, அந்தப் படம் பார்த்தீர்களா அம்மா என்று கேட்டார். எல்லாரும் இப்போது என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள்.

நீ பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். செத்துப்போய் இவ்வளவு காலம் கழித்து உன் நைனாவைப் பற்றிப் பெங்களூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் டாக்குமெண்டரி எடுத்தார்கள். நம்மோடு இருந்ததைவிட அதிகமாக அவர் வாழ்ந்த அந்த 'நைட் சர்வீஸ்' ராக் குழு, அவர் கிடார், அவர் பாட்டு, லாட்ஜ் அறையில் நெஞ்சு வலித்து முடிந்துபோன அவர் சாவு, எல்லாம் அதில் இருக்கிறது. என்னையும் அரை நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள். கடைசியில், ரசம் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் இல்லாவிட்டால் எழுந்துவிடுவார் என்று நான் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். போகட்டும். நீ பார்த்தது அதன் போஸ்டரை மட்டும்தான். கழுத்தில் கிடார், தோள் வரை முடி, உதட்டின் மேல் ஒரு விரல். உலகத்தையே 'உஸ்' என்று அடக்குகிற மாதிரி நிற்கிறார். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, கீழே "இதாம்மா என் சின்ன வயசு" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பதில் போடவும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

முதலில் நம் சர்ச் ஹாலில்தான் போட்டுக் காட்டினார்கள். ஜமக்காளம் விரித்து, நாற்காலி போட்டு, டீக்கும் ஏற்பாடு. ராக் என்றால் என்ன என்று கேட்டால் கல் என்று சொல்கிற ஜனம் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. படத்தின் தொடக்கத்திலேயே, உன் நைனா சின்னப் பையனாக நம் சர்ச்சின் கிறிஸ்துமஸ் பஜனையில் கிடார் வாசித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற பழைய வீடியோ வந்தது. அவ்வளவுதான். அவரை யார் பார்த்தார்கள்? ஹால் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பின்னால் மங்கலாக வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தன் வீட்டுச் செத்தவர்களைத் தேட ஆரம்பித்தார்கள். சகாயம் அக்கா திரைக்குக் கிட்டே போய் விரலால் தொட்டு, "எங்க வூட்டுக்காரு. டார்ச் புட்ச்சிக்கினு நிக்கிறாரு பாரு," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் துண்டைத் திருப்பிப் போடச் சொன்னார்கள், மறுபடி போடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் யாருக்காவது ஒரு தகப்பன், ஒரு அண்ணி, ஒரு தங்கச்சி கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் பாவம், படம் எடுத்தது எதற்கு, இவர்கள் பார்ப்பது எதை என்று விழித்தார்கள். எனக்கு அந்த ஹால் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி இருந்தது. போனவர்கள் எல்லாம் திரையில் மெதுவாகப் பாடிக்கொண்டு நடந்தார்கள், இருக்கிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அமளியில் படத்தின் பிற்பாதியை ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பெரியவர்கள் சிலர் வெளியே வந்து, பையன் ஞானப்பாட்டோடு நின்றிருக்கலாம் என்று பழைய பல்லவியையே பாடிவிட்டு டீ குடித்தார்கள்.

உன் மாமியார் போனிலேயே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். தெலுங்கில் அண்ணி முறை வைத்து வதினா வதினா என்று உருகினார். சம்பந்தி சினிமா ஹீரோ மாதிரி இருக்கிறாரே, எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஜீன்ஸையெல்லாம் யார் துவைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். "அய்யோ பாவம்," என்றார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. நீ போகிற வீட்டில் துவைக்கிறவளின் கையைப் பற்றி யோசிக்கிற ஒருத்தி இருக்கிறாள். பிழைத்துக்கொள்வாய்.

இரண்டாவது தடவை திருப்பதியில் போட்டார்கள். கல்யாண மண்டபம் ஒன்றை மத்தியானத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். என்னை முன்னாலேயே உட்கார வைத்தார்கள். ராக் கேட்கிற பிள்ளைகள் என்றால் முடி வளர்த்திருப்பார்கள் என்று பார்த்தால், எனக்குப் பக்கத்து வரிசை முழுக்க மொட்டை. சந்தனம் பூசிய புது மொட்டை. சென்னையிலிருந்து வந்தவர்களாம். படத்துக்கு வருகிறோம், அப்படியே மலைக்கும் போய்விடலாம் என்று காலையிலேயே போய் வருஷக்கணக்காக வளர்த்த முடியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்கள். எல்லாரும் கறுப்பு டீ ஷர்ட், நெஞ்சில் உன் நைனா, உதட்டின் மேல் விரல். அதில் ஒரு பிள்ளை வந்து என் காலைத் தொட்டான். "ஜே சார் இல்லாட்டி நான் இல்ல ஆன்ட்டி," என்றான். ஜே யார் என்று எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. இங்கே அவர் ஜெயசீலன், எனக்குச் சீலன், உனக்கு நைனா. ஜே என்கிற ஆளோடு நான் குடித்தனம் நடத்தவில்லை. அந்த ஆளைத் திருப்பதியில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சந்தித்தேன் என்று வைத்துக்கொள். திரையில் நீலம் வந்தால் மொட்டைகள் நீலமாயின, சிவப்பு வந்தால் சிவப்பாயின. நான் ஏதோ கனவில் பிறர் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டவள் மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கச்சேரி வந்தது. திருப்பதியில் நடந்த கச்சேரி, நீயும் நானும் போயிருந்தோம். உனக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. அதைப் படமெடுத்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். கிடைத்த ஆள் அவர்தான், பழக்கதோஷத்தில் கச்சேரியையும் கல்யாணம் மாதிரியே எடுத்துத் தள்ளியிருக்கிறார். வந்தவர்கள் முகம், செருப்புக் குவியல், தண்ணீர் டம்ளர், பிறகு மாப்பிள்ளை முகத்துக்குக் கிட்டே போவது மாதிரி உன் நைனா முகத்துக்குக் கிட்டே. பஸ்ஸைத் தவறவிட்டவன் பாடுகிற அந்தப் பாட்டு இடி மாதிரி ஆரம்பிக்கிறது. நடுவில் அவர் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறார். டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்துகிறார். கூட்டத்தைப் பார்த்து விரலை உதட்டின் மேல் வைக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு முழுக்க, கடைசி வரை, காதோடு காதாகச் சொல்கிற மாதிரிப் போகிறது. மண்டபத்தில் அந்த இடம் வந்ததும் மொட்டைப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக விரலை உதட்டில் வைத்தார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாம். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த அமைதியில் நான் அவர் கண்ணைப் பார்த்தேன், பாப்பா. 

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் போனில் படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை எல்லாம் எனக்குக் காட்டினாள். தமிழ், தெலுங்கு, கன்னடம், எங்கேயோ பிரேசிலிலிருந்து ஒருவர். எல்லாருக்கும் அந்த விரல்தான் பேச்சு. யாரைப் பார்த்தார், யாரை அடக்கினார்? மேடை ஓரத்தில் போலீஸ் நின்றது, அதிகாரத்துக்கு எதிராக அப்படி வைத்தார் என்று ஒருவர். மலையடிவாரத்தில் அவருக்கு ஞானம் வந்துவிட்டது என்று ஒருவர். மறைவில் ஒரு பெண் நின்றாள், ரகசியக் காதலி, என்று ஒரு புத்திசாலி எழுதியிருக்கிறான், அதற்குத்தான் கூட்டம் கூட்டமாக லைக். பெண் நின்றது உண்மைதான். அது நான். நிற்கவில்லை, கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன், மடியில் உன் தலை. பிரேசில்காரர், அவர் கடவுளின் குரலைக் கேட்டார் என்று எழுதியிருந்தார். அதை மட்டும் நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். படத்திலேயே அந்த டிரம்ஸ்காரர் வந்து, அன்றைக்குத்தான் எங்கள் இசை பிறந்தது, ஏன் என்று கேட்டேன், ஜே கடைசி வரை சொல்லவில்லை என்கிறார். தாடியெல்லாம் நரைத்துவிட்டது. அவ்வளவு பெரிய மனிதர் கண் கலங்குகிறார்.

நடந்தது இதுதான். அன்றைக்குப் பகல் முழுக்க நாம் சந்திரகிரிக் கோட்டையில் இருந்தோம். நீ படி ஏறி இறங்கி, குரங்கைத் துரத்தி, புளிசாதத்தைப் பாதி தின்று பாதி இறைத்து, ஒரே ஆட்டம். சாயங்காலம் மேடைக்குப் பக்கத்தில் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் போனார். நீ படுத்ததும் தூங்கிவிட்டாய். காதில் பஞ்சு வைத்திருந்தேன். டிரம்ஸ் அடித்ததும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டாய், வாய் கோணியது. நான் உன் முதுகைத் தட்டிக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், மேடையைப் பார்க்கவில்லை. திடீரென்று சத்தம் இறங்கிற்று. நீ பெருமூச்சு விட்டு மறுபடி தூங்கினாய். கரண்டு கம்மியாகிவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் அந்த நாளில் சாயங்காலமானால் பல்பு மஞ்சளாக அழுவது உனக்கு நினைவிருக்காது. வேனில் திரும்பும்போது அவர் கேட்டார், "பாப்பா எழுந்துச்சா?"

"ஒரு தடவ எழுந்துச்சு. நடுவுல கரண்டு கம்மியாயிடுச்சே, நல்லா தூங்கிடுச்சு."

 அவர் சிரித்துக்கொண்டு, "ஆமா, கரண்டு கம்மி," என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிள்ளை தூங்குது, மெதுவா வாசிங்கடா என்று ராக் வாசிக்கிறவர் தன் ஆட்களிடம் எப்படிச் சொல்வார், மானம் போய்விடாதா? இத்தனை வருஷம் அதைக் கரண்டு கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். படம் போட்ட அன்றைக்கு மண்டபத்தில் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு கல்யாண வீடியோக்காரர் புண்ணியத்தில், அவர் முகத்தை நேராகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நீ வீறிடுகிற நேரத்தில் அவர் நம் பக்கம் பார்க்கிறார். காய்ச்சல் வந்த பிள்ளையைக் கதவோரம் நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு அத்தனை ஜனத்தையும் பார்த்து, என் பிள்ளை தூங்குது, சும்மா இருங்க என்கிறார். இவர்கள் அதை டீ ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

உன் சின்ன வயது அந்தப் போஸ்டர் என்றாயே. நீ சொல்வதும் பொய் இல்லை. விடியற்காலை பெங்களூர் பஸ்ஸில் வந்து விழுவார், மத்தியானம் வரை தூங்குவார், இரண்டே அறை வீடு. நீ பாத்திரத்தைத் தட்டுவாய், பாடுவாய், குதிப்பாய். விரலை உதட்டில் வைத்து, "சத்தம் போடாத, நைனா தூங்கிக்கினு இருக்காரு," என்று உன்னை அடக்கியது யார்? அவர் இல்லை, பாப்பா. நான். உன் நினைவில் இருக்கிற விரல் என்னுடையது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. விடிய விடிய உழைத்த மனுஷனுக்குத் தூக்கம் வேண்டும், எந்த வீட்டிலும் ஒருத்தி விரலை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் என் விரலை எடுத்து அவர் கையில் ஒட்டிவிட்டாய். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

அவர் நல்ல தகப்பன் என்று சொல்ல வரவில்லை, அவசரப்படாதே. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீ காபிரியேல் தூதனாக நின்று, வாசலையே பார்த்து வசனத்தை மறந்தாயே, அந்த முகம் எனக்கு மறக்குமா? டிசம்பர் என்றால் அவருக்குக் கச்சேரி. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. வெள்ளைச் சிறகோடு நீ ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அதற்கு நீ அவரைக் கோபித்துக்கொள், சாகும்வரை கோபித்துக்கொள். உனக்கு உரிமை இருக்கிறது. செய்ததற்குக் கோபப்படு. செய்யாததையும் அதோடு சேர்த்துக் கட்டாதே. கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு அம்மாவாக நான் சொல்ல வேண்டியதும் இதுதான். நான் பத்திரிகைக்காரியும் இல்லை, பிரசங்கியும் இல்லை, தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுக்க அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தால் பாதி முகம்தான் தெரியும், பாப்பா. நீயாவது மாப்பிள்ளையை அவ்வப்போது எழுந்து போய், எதிரில் நின்று, நேராக ஒரு தடவை பார். மீதிப் பாதி எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

ஊரெல்லாம் படத்துக்குக் கீழே எழுதிவிட்டது. இது என் பங்கு என்று வைத்துக்கொள். அங்கே போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும், அந்த லைக் வாங்கின புத்திசாலி வாயடைத்துப்போவான், எனக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தூக்கம் உன்னுடையது. உன்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். வேண்டாம் என்றால் பிரேசில்காரர் சொன்னதே நிற்கட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஓலை விஷயம். சனிக்கிழமை பாடகர் குழு வருவதற்குள் போன் செய். சார்ஜ் போட்டுவிட்டுச் செய். என் பெயர் மட்டும் என்றால் என் பெயர் மட்டும்தான் வாசிப்பார்கள், நானும் புதுப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன், முகம் சுளிக்க மாட்டேன். நம் சபையில் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். இரண்டு பெயர் என்றாலும் அப்படியே.

அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய். படம் முழுக்கப் பார்க்க வேண்டாம். அந்தப் பாட்டை மட்டும் பார். அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்களில் அதைக் கேட்காத ஒரே ஆள் நீதான். யாருக்காக அவ்வளவு மெதுவாகப் பாடினாரோ அவளுக்கு மட்டும் அது போய்ச் சேரவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை முழுதாக ஏற்றி வை. இனி நீ எழுந்துவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா